ஊசிக்கோடு

எங்கள் சாயப்பட்டறையில் வெளிர் நிறத் தொட்டிகள் இருக்கும் கூடத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் கையை நீட்ட வேண்டும். வாசலில் மேஸ்திரி நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆளாளுக்குப் பத்து விரலையும் விரித்துக் காட்டினால், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறை இல்ல, போ" என்பார். கல்யாணமாகிப் பேரப்பிள்ளை எடுத்தவர்களும் அந்த வரிசையில் நின்று கையை நீட்டத்தான் வேண்டும். இளமஞ்சளிலும் வெளிர்நீலத்திலும் ஒரு விரல் கறை பட்டால் ஒரு சுருள் துணியே பாழ்.

கறுப்புத் தொட்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்கு முழங்கை வரைக்கும் சாயம்தான். கையுறை கொடுத்திருந்தார்கள். அதற்குள் சாயத் தண்ணீர் புகுந்துவிட்டால் போடாததைவிட மோசம் என்று அதை ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் நகத்தைப் பார்த்தே யார் எந்தத் தொட்டி என்று நாங்கள் சொல்லிவிடுவோம். தொட்டி மாறியவன் மாறி எத்தனை மாதம் ஆச்சு என்றுகூடச் சொல்லலாம். அடியிலிருந்து புது நகம் வெள்ளையாக வளர்ந்து வரும். சாயம் ஏறிய பகுதி நுனிக்குத் தள்ளப்பட்டு நகவெட்டியோடு போய்விடும். கறுப்பை விட்டு வந்தவனுக்கு அரை வருஷத்தில் மாப்பிள்ளை நகம் வந்துவிடும் என்று கேலி செய்வோம்.

நான் குடியிருந்த மாடிக்குக் கீழ் வீட்டில் இருந்த அண்ணன் அப்படிக் கறுப்பை விட்டு வந்தவர். அரை ஆயுள் கறுப்புத் தொட்டியில் நின்றவர். நிறம் பார்க்க அவருக்கு இருந்த கண் வேறு யாருக்கும் இல்லை என்பதால் மேஸ்திரியே கூப்பிட்டு வெளிர் நிறக் கூடத்தில் போட்டார். ஈரத் துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி விடுங்க" என்பார். ஒரு கொதி விட்டால் சரியாக இருக்கும். எந்தக் கறையையும் எடுத்துவிடுவார் என்றும் பெயர். முதலாளி வீட்டுக் கல்யாணப் பட்டில் கொட்டிய எண்ணெயை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

கறுப்பை விட்டு வருஷத்துக்கு மேலாகியும் அவருடைய வலது கட்டை விரல் நகத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு போகவில்லை. நகத்தின் அடியிலிருந்து நுனிவரை நெட்டாக, பென்சிலால் இழுத்தது போல இருந்தது. "பழைய கறை, தானா போயிடும்" என்று மேஸ்திரியும் விட்டிருந்தார்.

அது விடாத மழைக்காலம். நான் துணி உலர்த்துகிறவன். வெயில் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. கூடத்துக்குள் கூடமாட ஒத்தாசை என்று நின்றுகொண்டிருந்தேன். ஆகவே நடந்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். வெளியூருக்குப் போன இளமஞ்சள் சுருள் ஒன்று திரும்பி வந்திருந்தது. நடுவில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தீற்றல். மேஸ்திரி அதை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டு நேராக அண்ணனிடம் வந்தார்.

"கையக் காட்டு."

அண்ணன் காட்டினார்.

"மத்த ஒன்பதும் எப்பவோ வெளுத்தாச்சு. இது மட்டும் ஏன் வெளுக்கல?"

"தெரியல மேஸ்திரி."

"உனக்கா தெரியாது? ஊருக்கெல்லாம் கறை எடுத்துக் கொடுக்கிறவன் நீ. கறுப்பை விட்டு எவ்வளவு காலம் ஆச்சு? நகம் ரெண்டு தடவ முழுசா மாறியிருக்கும். அப்படின்னா இது பழைய கறுப்பு இல்ல. புதுசா ஏறுற கறுப்பு."

"நான் எந்தக் கறுப்புலயும் கை வைக்கலங்க."

"கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பட்டறையில கறுப்பு மட்டும்தான் போடுறாங்க. சாயங்காலம் இங்கேருந்து கிளம்புற நீ வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எனக்குத் தெரியாதா? இங்க வேலை பார்த்துக்கிட்டே அங்கயும் கை நனைக்கிறே. அந்தக் கையோடவே வந்து என் துணியில வைக்கிறே."

அண்ணன் ஏதாவது பேசுவார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் நின்றால் எங்கள் பட்டறையில் ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. "நகம் வெளுத்தப்புறம் வா" என்று மேஸ்திரி அனுப்பிவிட்டார். அண்ணன் விட்டுவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை நான் எடுத்துக்கொண்டு போனேன்.

கீழ் வீட்டில் அண்ணி, சட்டைக்குப் பட்டன் தைக்கிற வேலை செய்துகொண்டிருந்தார். மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். உட்காருவதற்கே அவற்றை ஒதுக்கித்தான் இடம் பிடிக்க வேண்டும். நான் போனபோது அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அடுப்பில் ஏதோ அடிபிடித்து வீடெல்லாம் வாடை. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

"வாங்க தம்பி. நீங்களே கேளுங்க. வேலை விட்டதும் நேரா வீட்டுக்கு வர மாட்டாரு. எங்க போனீங்கன்னா 'சும்மா'. யாரைப் பார்த்தீங்கன்னா 'சும்மா'. சரி, ரெண்டு இடத்துல உழைக்கிறாருன்னே வச்சுக்குவோம். உழைச்சதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறாரு? இந்த வீட்டுக்குள்ள வரலையே. அப்ப இன்னொரு வீடு இருக்குன்னுதானே அர்த்தம்?"

"வாய்க்கு வந்தபடி பேசாத" என்றார் அண்ணன்.

"நான் பேசல. உங்க விரல் பேசுது."

அண்ணன் சொன்னார். "கழுவிட்டு இருந்தேன்."

"எதை?"

"இதைத்தான். எல்லாரும் போனப்புறம் பட்டறைப் பின்பக்கத் தண்ணித் தொட்டிகிட்ட உட்கார்ந்து கழுவுவேன். பிளீச்சிங் பவுடர்ல ஊற வச்சேன். எலுமிச்சம்பழம் தேய்ச்சேன். மண்ணெண்ணெய், படிகாரக் கல், சவர பிளேடு, ஒண்ணு விடல. போக மாட்டேங்குது. தேய்க்கத் தேய்க்க அகலமாகுது. ஊர் கறையெல்லாம் எடுக்கிறவன் என் நகத்துல இருக்கறத எடுக்க முடியலைன்னு யார்கிட்ட போய்ச் சொல்ல? உன்கிட்ட சொன்னா நீ சிரிப்பே."

அண்ணி சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. "நல்லா ஜோடிக்கிறீங்க" என்றார். நான் நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். அவர் விரலின் தோல் தேய்ந்து சிவந்திருந்ததைப் பார்த்தேன். ஆனால் சாயம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேஸ்திரி பக்கம்தான் பேசியது. வெளியிலிருந்து ஏறாமல் நகத்துக்குக் கறுப்பு எப்படி வரும்?

மறுநாள் காலையில் அண்ணியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊசியை எடுத்துக்கொண்டு அண்ணனை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கட்டை விரல் நகம் தோலிலிருந்து புறப்படுகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு கீறினார். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கோட்டுக்கு மேல இருக்கறது பழைய நகம். கீழ இனிமே வர்றது புதுசு. நீங்க எங்கேயும் போகக் கூடாது, என் கண்ணு முன்னாடியே இருக்கணும். புது நகம் வெள்ளையா வந்துச்சுன்னா இத்தனை நாள் எங்கயோ போய்க் கை நனைச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அன்னிக்கே நான் மகள் வீட்டுக்குப் போயிடுவேன்."

"கறுப்பாவே வந்துச்சுன்னா?"

"உங்க கால்ல விழறேன், போதுமா?"

அந்த மழையில் அந்த வீட்டுக்குள் நடந்த காவலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கடைக்குப் போனால் அண்ணி கூடவே போவார். குளித்துவிட்டு வர நேரமானால் கதவைத் தட்டுவார். சும்மா உட்கார முடியாமல் அண்ணன் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்டார். முதல் நாள் தைத்த பட்டன்களையெல்லாம் அண்ணி பிரித்து மறுபடி தைத்தார்.

"இது பட்டனா, மாட்டைக் கட்டிப் போட்ட முளையா? இவ்வளவு நூலா சுத்துவாங்க?"

"அறுந்து விழாதுல்ல."

"சட்டை கிழிஞ்சாலும் இது விழாது. போட்டவன் செத்தாலும் விழாது."

இப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. சந்தேகப்பட்டு உட்கார வைத்த பெண்ணும் சந்தேகத்துக்கு ஆளான மனுஷனும் பகல் முழுக்க ஒரே மூட்டைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியும்? சில நாட்களில் சிரிப்புச் சத்தம் மாடிக்குக் கேட்கும். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தது இப்போதுதான் என்று அண்ணியே ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தான் நம்பிவிட்டதாக நான் நினைத்துவிடப் போகிறேன் என்று, "விரல் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்று சேர்த்துக்கொண்டார். கீறல் மங்கினால் அதே தடத்தில் ஊசியால் மறுபடி இழுத்துவிடுவார்.

ஒருநாள் காலையில் மழை விட்டு வெளிச்சம் வந்தது. துணி காயப் போட வேண்டுமே என்று நான் அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒரு நிமிஷம். சாட்சிக்கு ஆள் வேணும்."

அண்ணனின் கையைப் பிடித்து என் முன்னால் நீட்டினார். அண்ணி கீறிய ஊசிக்கோடு அடியை விட்டு நன்றாக மேலே நகர்ந்திருந்தது. அதற்குக் கீழே வந்த புது நகத்திலும் கறுப்பு இருந்தது. பழையதைவிட அகலமாக இருந்தது.

"பார்த்தீங்களா? ஒரு நாள்கூட வெளிய போகல. நான் சாட்சி. எந்தத் தொட்டியிலயும் கை வைக்கல. இவர் பொய் சொல்லல தம்பி. பொய்யே சொல்லல." அண்ணியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. "சொன்னா சொன்னபடி" என்று குனிந்து அவர் காலைத் தொடப் போனார். "ஏய், விடு, தம்பி பார்க்குது" என்று அண்ணன் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

குனிந்த அண்ணி நிமிரவில்லை. அவர் கண்ணுக்கு நேராக அந்த விரல் தொங்கிக்கொண்டிருந்தது. நகம் முடிகிற இடத்தையும் தாண்டி அடித்தோலிலும் கறுப்பு இறங்கியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். எச்சில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப இது எங்கேருந்து வருது?" என்றார்.

அண்ணன் கையை இழுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். தோல் பிரிவில் சிரங்கும் படையும் தேமலுமாக ஒரே கூட்டம். ஒரு நகத்தைக் காட்டவா இவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று அண்ணனுக்குக் கூச்சம். டாக்டரம்மா சின்ன வயசு. விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்றை நகத்தின்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். அடிபட்டதா, ரத்தம் கட்டியதா, எத்தனை நாளாக அகலமாகிறது என்று கேட்டார். மற்ற விரல்களையும் கால் நகங்களையும் உள்ளங்காலையும் பார்த்தார். முழங்கையிலும் அக்குளிலும் கட்டி தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

"வலி இருக்கா?"

"சுத்தமா இல்லம்மா. வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா. "நம்மள மாதிரி நிறத்துக்கு நகத்துல கோடு இருக்கறது சகஜம். நாலஞ்சு விரல்ல மெல்லிசா இருக்கும், அதால ஒண்ணும் இல்ல. இது ஒரே விரல்ல இருக்கு. அகலமாகிட்டே வருது, ஓரம் ஒழுங்கா இல்ல, தோல்லயும் இறங்கியிருக்கு. அதனால ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துடணும். இந்தக் குறுக்குக் கோடு என்ன?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "நான் கீறினதும்மா" என்றார். எதற்கு என்று கேட்டபோது பாதிக் கதையைத்தான் சொன்னார்.

"கறை மேலேருந்து ஏறுதா, வேர்லேருந்து வருதான்னுதான் நாங்களும் முதல்ல பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "இது வேர்லேருந்து வருது."

விரலடியில் ஊசி போட்டு மரக்க வைத்து, நகத்தைத் தூக்கி, அதன் வேரிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். முடிவு வரும்வரை அண்ணன் கட்டுப் போட்ட விரலோடு இடது கையால் பட்டன் தைக்கப் பார்த்தார். அண்ணி பிரித்துத் தைக்கவில்லை. அப்படியே மூட்டையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

முடிவு சொன்ன அன்றைக்கு டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். நாற்காலி இரண்டுதான் இருந்தது. நான் நின்றுகொண்டேன்.

"தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் இருக்கு. அதுல வர்ற புற்றுநோய் இது. நகத்துக்கு அடியில வந்திருக்கு."

"வெயில்ல நிக்கிறவங்களுக்குத்தானே தோல்ல புற்றுநோய் வரும்னு சொல்வாங்க? நாள் முழுக்க வெயில்ல நிக்கிறவன் நானாச்சே" என்று நான் கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டது அது.

"இந்த வகைக்கு வெயில் காரணம் இல்லைங்க. வெயிலே படாத இடத்துல வரும். உள்ளங்கால்ல, நகத்துக்கடியில. அழுக்கு, அடிபட்டது, கறைன்னு விட்டுடறதாலதான் தெரியறதுக்கு லேட்டாகுது."

அண்ணன் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. "அப்ப இது சாயம் இல்ல?" என்றார்.

"இல்லைங்க."

"எந்தச் சாயமும் இல்ல?"

"இல்ல. தேய்ச்சதால வந்ததும் இல்ல. தேய்ச்சுப் பார்த்துக்கிட்டே நாளை விட்டுட்டீங்க, அவ்வளவுதான்."

"இவகிட்டயும் ஒரு தடவ சொல்லுங்கம்மா. சாயம் இல்லன்னு."

டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் அண்ணியைப் பார்த்தார். அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் பின்னாலேயே வந்தார். சுற்றி அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அண்ணி பொருட்படுத்தவில்லை.

"நீங்க பொய் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருக்கக் கூடாதா? இன்னொருத்தி வீட்டுக்குப் போயிருந்தாக்கூட நான் சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன், மகள் வீட்டுல நாலு நாள் இருந்துட்டுத் திரும்பி வந்திருப்பேன். இப்ப நான் யார்கிட்ட போய்ச் சண்ட போடுவேன்? பொய் சொல்லியிருக்கலாமேங்க."

அண்ணன் கட்டுப் போட்ட கையை அவர் தோளில் வைத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டேன்.

கட்டை விரலின் மேல் கணுவை எடுத்தார்கள். நகத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். துணியைத் தேய்த்துப் பார்க்கிற விரல் அது. நோய் ஆழமாக இறங்கியிருக்கிறது, மிச்சம் வைத்தால் திரும்ப வரும் என்றார்கள். அதே மயக்கத்தில் அக்குளிலிருந்து ஒரு நெறிக்கட்டியையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். விரலை வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமில்லை. நெறிக்கட்டியில் கொஞ்சம் பரவியிருந்தது. உடம்பின் மற்ற இடங்களையெல்லாம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம்போல நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நம்பலாமா என்று அண்ணி கேட்டதற்கு, "நம்பித்தான் மருந்து ஏத்துறோம். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. அதற்கப்புறம் அண்ணி தினமும் காலையில் அண்ணனின் மற்ற ஒன்பது நகத்தையும் உள்ளங்காலையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். அக்குளையும் தடவிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் அப்படிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

இதற்கிடையில் பட்டறையில் இன்னொரு சுருளில் கறுப்புத் தீற்றல் விழுந்தது. அண்ணன் வேலைக்கே வராத காலம் அது. மேலே பார்த்தால், துணி தூக்குகிற சங்கிலிக் கப்பியிலிருந்து கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு சொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஏணி வைத்து அதைத் துடைக்கச் சொன்னார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் சாட்டும்போது கூடமே அதிரக் கத்திய மனுஷன், கப்பியைத் துடைக்கும்போது வாயைத் தைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னதை அவரிடம் போய்ச் சொன்னேன். வந்து அண்ணனிடமும் சொன்னேன்.

"சாயம் இல்லன்னு சொன்னியா?"

"சொன்னேண்ணே."

"என்ன சொன்னாரு?"

"'ஐயோ பாவம்'னு சொன்னாரு."

"பாவமா?" என்றார் அண்ணன். "நான் கேட்டது அதுவா?"

முதல் மருந்து ஏற்றப் போகிற நாள் காலையில், வெளிர் நிறக் கூடத்து வாசலில் வழக்கம்போல வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் துணிக் கூடையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில் அண்ணன் வந்து நின்றார். துவைத்த சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அவர் முன்னே போகவில்லை. தன் முறை வரும்வரைக்கும் நின்றார்.

முறை வந்ததும் இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரித்தார். வலது கட்டை விரல் பாதியில் முடிந்திருந்தது. நுனியில் தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

மேஸ்திரி பார்வையை நகர்த்திக்கொண்டார். "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம். உள்ள போய் உட்காரு. டீ சொல்றேன்."

"பாருங்க மேஸ்திரி."

"அதான் தெரியுமேப்பா."

"எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்னிக்கு எல்லாரும் கேட்டாங்கல்ல? பார்த்துட்டுச் சொல்லுங்க."

மேஸ்திரி அண்ணனின் கைகளை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். ஒன்பது நகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதி விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"கறை இல்ல. எப்பவும் இருந்ததில்ல." பிறகு, "போ" என்று உள்ளே கை காட்டினார்.

"வேலைக்கு வரல மேஸ்திரி. கை காட்டத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் திரும்பி நடந்தார்.

நான் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். வெளிக்கதவுக்கு அப்பால், ஆஸ்பத்திரிப் பையும் குடையுமாக அண்ணி நின்றிருந்தார். பஸ் போய்விடுமே என்று பாதையைப் பார்ப்பதும் கூடத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். லேசாகத் தூற ஆரம்பித்தது. அண்ணன் பக்கத்தில் வந்ததும் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"சத்தமாச் சொன்னாரா?"

"உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றார் அண்ணி. "நீங்க சொல்லியும் கேக்கணும்னு இருந்துச்சு."